பள்ளிவாசல் கணக்கைக் கேட்கிறோம், சபைக் கணக்கை ஏன் கேட்பதில்லை?



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

ஆண்டின் கடைசி மாதங்கள் வந்துவிட்டால் நமது உள்ளூராட்சி சபைகளில் அடுத்த ஆண்டுக்கான பாதீடு தயாராகும். பேச்சு வழக்கில் பட்ஜெட் என்கிறோம். டிசம்பர் முடிவதற்குள் அது சபையில் நிறைவேற வேண்டும். அதற்கு முன்னர் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். மக்கள் தங்கள் யோசனைகளை எழுத்தில் தரலாம் என்று அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கும். சில நாட்களில் அந்தத் தாளின் மேல் வேறொரு தாள் ஒட்டப்பட்டுவிடும்.

அதே நாட்களில் நமது முகநூலைப் பாருங்கள். வடிகான் அடைத்துக் கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்துக் கிடக்கின்றன என்று படத்தோடு பதிவுகள் வரும். சபையிடம் கேட்டால் "நிதி இல்லை" என்பார்கள். நாம் சொல்வதும் உண்மை, அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய இடம் அந்தப் பாதீடு. அங்கேதான் நாம் போவதில்லை.

நான் வரலாறு படிப்பிப்பவன். ஊர்ப் பணத்தைப் பற்றி ஊர்மக்களிடம் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, சபையின் கைப்பை ஏன் எப்போதும் மெலிந்தே இருக்கிறது, நாம் ஏன் விலகி நிற்கப் பழகினோம் என்பதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

குளத்தோடு தொடங்கிய கணக்கு

கிண்ணியாவின் வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்தை நாம் எல்லோரும் அறிவோம். சோழர் ஆட்சி இங்கே நிலவிய 11ஆம் நூற்றாண்டில் கந்தளாயில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரின் பெருங்குறிச் சபை கூடியதைக் குறிப்பிடுகிறது. அதாவது, இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமது மாவட்டத்தில் ஊர்க் காரியத்தைக் கூடிப் பேசும் ஒரு சபை இருந்திருக்கிறது.

அந்தச் சபைகள் எப்படி இயங்கின என்பதை அறியத் தமிழ்நாட்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் உதவுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் விதிகள் அவற்றில் உள்ளன. குடவோலையை எல்லோரும் அறிவார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி பதவிக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

அது எல்லோருக்குமான சபையாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் உள்ளவர்கள், வேதம் கற்றவர்கள், ஆண்கள் மட்டும் இருந்த சபை அது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்ற கருத்தை அந்தக் கல்லில் காண்கிறோம்.

நமது பகுதியில் வயல் செய்கிறவர்களுக்கு இந்தக் கூட்டம் புதிதல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் திகதியில் மதகு திறப்பது, எத்தனை ஏக்கர் செய்வது, வாய்க்காலை யார் எப்போது துப்புரவு செய்வது, மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்று அங்கே முடிவாகும். தண்ணீர் குறைவான ஆண்டில் சண்டையும் வரும். ஆனால் கூட்டம் நடந்தே தீரும். வட்டை விதானை என்ற பதவியும் அந்த ஒழுங்கிலிருந்து வந்ததுதான்.

வெள்ளைக்கார ஆட்சியின் தொடக்கத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. குளங்களும் பாழடைந்தன. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் விவசாயிகளின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலு கொடுத்தது. 1871இல் வந்த கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் கிராமக் குழுக்களை உருவாக்கியது. இன்றைய பிரதேச சபைகளின் தூரத்து மூதாதை அந்தக் கிராமக் குழுதான். ஆக, நமது உள்ளூராட்சியின் ஒரு வேர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. இருக்கிற தண்ணீரைப் பங்கிடுவதும் இருக்கிற பணத்தைப் பங்கிடுவதும் ஒரே மாதிரியான வேலைதான்.

கேட்காமல் போட்ட வரி

கேட்காமல் வரி போட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது.

1840களின் இறுதியில் கோப்பி விலை வீழ்ந்து அரசின் வருமானம் குறைந்தது. ஆளுநர் டொரிங்டன் 1848இல் துப்பாக்கி, நாய், கடை என்று பலவற்றின் மேல் வரி விதித்தார். அவற்றோடு வீதிச் சட்டமும் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டில் 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். முடியாதவர் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். கூலித் தொழிலாளிக்கும் பெரிய தோட்டத்தின் சொந்தக்காரருக்கும் அதே தொகை.

அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தார்கள். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். மற்ற வரிகளில் பல கைவிடப்பட்டன. வீதி வரி மட்டும் வடிவம் மாறி நீண்ட காலம் நின்றது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவும் அவரது தோழர்களும் அதைக் கட்ட மறுத்துப் போராடிய பிறகே அது ஒழிந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீதி வேண்டாம் என்று யாரும் போராடவில்லை. எந்த வீதி, யாருடைய தேவைக்கு, யார் எவ்வளவு கொடுப்பது என்று தங்களிடம் கேட்கப்படாததுதான் கோபம். அன்று போட்ட வீதிகளில் பல கோப்பித் தோட்டங்களிலிருந்து மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போடப்பட்டன. உழைத்தவனின் ஊருக்கு ஒற்றையடிப் பாதையே மிஞ்சியது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே இது மிக முந்தியது. அதன் பிறகு வந்த உள்ளூராட்சிச் சட்டங்கள் அந்த வாக்காளரை நம்பி எழுதப்பட்டவை. 1939இல் நகர சபைக் கட்டளைச் சட்டம், 1946இல் பட்டின சபைக் கட்டளைச் சட்டம், 1947இல் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் என்று வரிசையாக வந்தன. 1980இல் வந்த மாவட்ட அபிவிருத்தி சபைச் சட்டத்தோடு கிராம சபைகளும் பட்டின சபைகளும் இல்லாமல் போயின. மக்களுக்கு மிகக் கிட்ட இருந்த சபை காணாமல் போன அந்த இடைவெளியை நிரப்பவே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. 1988இலிருந்து பிரதேச சபைகள் இயங்குகின்றன. இன்று கிண்ணியாவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. அதாவது நாம் பார்க்க வேண்டிய கணக்குப் புத்தகங்கள் இரண்டு.

கைப்பையில் என்ன இருக்கிறது?

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, சோலைவரி. வீட்டுக்கும் கடைக்கும் விலை மதிப்பீட்டுத் திணைக்களம் ஓர் ஆண்டுப் பெறுமதியைக் குறிக்கும். அதில் ஒரு வீதத்தைச் சபை வரியாக அறவிடும். பிரதேச சபை என்றால், அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில்தான் இதை அறவிடலாம். மதிப்பீடு பழையதாக இருந்தால் வருமானமும் பழையதாகவே இருக்கும். சீமெந்து விலையும் டீசல் விலையும் மட்டும் இன்றைய விலையில் இருக்கும்.

இரண்டாவது, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம், பெக்கோவும் தண்ணீர் பவுசரும் வாடகைக்குப் போவதால் வரும் பணம்.

மூன்றாவது, மாகாணத்தின் ஊடாக வரும் பணம். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கான மீளளிப்பு ஆகியவை இதில் அடங்கும். இது எப்போது வந்து சேரும் என்பது சபையின் கையில் இல்லை.

செலவுப் பக்கத்தில் சம்பளம், எரிபொருள், வாகனத் திருத்தம், குப்பை அகற்றல், தெருவிளக்கு, வடிகான், சிறு வீதிகள், வாசிகசாலை, சந்தை, பூங்கா, முன்பள்ளி என்று பட்டியல் நீளும். சம்பளமும் எரிபொருளும் போனால் மீதி சிறிய தொகைதான். அந்தச் சிறிய தொகையில்தான் இந்த வீதியா அந்த வடிகானா என்ற கேள்வி எழுகிறது. நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

நாம் ஏன் விலகினோம்?

என் பார்வையில் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, யுத்தமும் சுனாமியும். முப்பது ஆண்டு யுத்தத்தில் நமது மாவட்டத்தில் உள்ளூராட்சி சரியாக மூச்சு விடவில்லை. பல ஆண்டுகள் தேர்தலே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியா பெரும் அழிவைக் கண்டது. வைத்தியசாலையும் தப்பவில்லை. அதற்குப் பிறகு வந்த வீடுகள், கட்டடங்கள், வீதிகள் பெரும்பாலும் வெளியாரின் உதவி. அதற்காக நன்றியோடு இருக்கிறோம்.

கிண்ணியாப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை திருகோணமலைக்குப் போக நாம் பாதைக்காகத் துறையில் காத்துக் கிடந்தோம். சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டு 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த 396 மீற்றர் பாலம் அப்போது நாட்டின் மிக நீளமான பாலம். அது நமது வாழ்க்கையை மாற்றியது. ஆனால் அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. பெரிய வேலை என்றால் வெளிநாட்டு உதவி, நடுத்தர வேலை என்றால் பாராளுமன்ற உறுப்பினர், சிறிய வேலை என்றால் தெரிந்த உறுப்பினர் ஒருவர். மகஜர் எழுதத் தெரிந்த நமக்குப் பாதீட்டை வாசிக்கத் தெரியாமல் போனது.

இரண்டாவது காரணம் அண்மையது. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் பதவிக்காலம் ஓர் ஆண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் 9இல் தேர்தல் நடந்திருக்க வேண்டும். 2022இல் வங்குரோத்து அறிவித்த நாட்டில் தேர்தலுக்குப் பணம் இல்லை என்று நிதி விடுவிக்கப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி வாக்களித்தோம்.

இடையில் என்ன நடந்தது? 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பாதீடுகளும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் உருவாகின. சபையை அதிகாரிகள் நடத்தினார்கள். அவர்களில் நல்லவர்கள் பலர், உழைத்தவர்கள் பலர். ஆனால் அவர்களிடம் வட்டாரத்து மக்கள் வந்து "என் தெருவுக்கு என்ன?" என்று கேட்கும் உறவு இல்லை. மேலே உள்ள கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017 செப்டெம்பரிலேயே முடிந்துவிட்டது. பணம் இல்லை என்ற காரணம் ஜனநாயகத்தையே நிறுத்திவைக்கும் என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து பார்த்தோம்.

பிற ஊர்கள் என்ன செய்தன?

பணக்கஷ்டம் ஏழை நாட்டுச் சபைகளுக்கு மட்டும் வருவதல்ல. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மாநகர சபை 2023 செப்டெம்பரில், அவசியமற்ற புதிய செலவு எதையும் செய்ய இயலாது என்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்களுக்குப் பல ஆண்டுகளாகக் குறைத்துக் கொடுத்த சம்பளத்துக்கான இழப்பீடும், ஒரு கணினித் திட்டத்தின் அதிகச் செலவும் அதற்கு முக்கிய காரணங்கள். அடுத்த ஆண்டு அங்கே வரி ஏறத்தாழ 10 வீதம் கூடியது. வாசிகசாலைகள் வெட்டுக்கு உள்ளாயின. தெருவிளக்கை மங்கலாக்கிச் செலவைக் குறைப்பதும் யோசனைகளில் ஒன்றாக இருந்தது. கணக்கில் பிழை சேர்ந்தால் எவ்வளவு பெரிய சபையும் இருட்டுக்குப் போகும்.

மாறாக பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பாருங்கள். 1989இல் அங்கே புதிதாக வந்த நகர நிர்வாகம் கையில் காசு குறைவாக இருந்த நிலையிலேயே மக்களைக் கூப்பிட்டது. பகுதி பகுதியாகக் கூட்டம் நடந்தது. எந்த வேலை முதலில் என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள். முந்தைய ஆண்டு சொன்ன வேலைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று நிர்வாகம் அதே கூட்டத்தில் பதில் சொன்னது. பணக்காரப் பகுதிகளுக்கே முதலில் போய்க்கொண்டிருந்த குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போகத் தொடங்கின. பங்கேற்புப் பாதீடு என்ற பெயரில் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. பிற்காலத்தில் ஆட்சிகள் மாற, அந்த நகரத்திலேயே அதன் வலு குறைந்தது. மக்கள் விட்டுவிட்டால் நல்ல பழக்கமும் நிற்காது என்பது அதில் உள்ள பாடம்.

நமக்குக் கிட்ட, கேரளத்தில் 1996 ஓகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சிகளுக்குப் போனது. கிராம சபையில் மக்கள் கூடித் தேவைகளைச் சொன்னார்கள். அங்கே இரண்டும் ஒன்றாக நடந்தன: கேட்டார்கள், கொடுக்கப் பணமும் வைத்தார்கள். கேட்டுவிட்டு ஒன்றும் ஒதுக்காவிட்டால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். நமது சபைகள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

குறிஞ்சாக்கேணியின் கணக்கு

இனி எழுதக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் களப்பைப் படகுப் பாதையில் கடந்தார்கள். பாடசாலை நேரம். பாதை கவிழ்ந்தது. ஆறு உயிர்கள் அன்றே போயின. அவர்களில் அதிகமானோர் பாடசாலைப் பிள்ளைகள். பின்னர் வைத்தியசாலையிலும் இழப்பு நேர்ந்தது. எந்த வீட்டுக்கு என்ன ஆனது என்று இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அல்லாஹ் அவர்களுக்கு மேலான சுவனத்தைக் கொடுப்பானாக.

அன்று மாலைக்குள் நாடே ஒரு கேள்வியைக் கேட்டது. அந்தப் பாதையை ஓட விட்டது யார்? வீதி அபிவிருத்தி அதிகார சபையா, நகர சபையா, நடத்தியவரா? பாராளுமன்றத்தில் பேசினார்கள், கைதுகள் நடந்தன. அந்த விசாரணையை நான் இங்கே நடத்தப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

எனக்குள்ள கேள்வி அந்தக் காலைக்கு முந்தியது. பாலம் கட்டுவது சபையின் சக்திக்கு அப்பாற்பட்டது. அது மத்திய அரசின் வேலை, அதன் கணக்கு வேறு புத்தகத்தில். ஆனால் பாலம் கட்டி முடியும்வரை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வி யாருடைய புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது? ஒரு பாதைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகை, ஏறுவோரை எண்ண ஒரு காவலாளி, உயிர்காப்பு அங்கிகள், காலையிலும் பகலிலும் பிள்ளைகளைச் சுற்று வழியால் ஏற்றிச் செல்ல ஒரு பஸ். இவை கோடிக்கணக்கான ரூபாய் கேட்கிற காரியங்கள் அல்ல. ஒரு பாதீட்டின் சில வரிகள். அந்த வரிகளை யாராவது எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதவைக்கும்படி யாராவது முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். ஆத்திரப்பட்டுக் கூடிய நாம் எல்லோரும் அதற்கு ஓராண்டு முன்னர் பாதீட்டு நேரத்தில் கூடியிருந்தால் எத்தனையோ பெயர்கள் இன்று வகுப்பு இடாப்பில் இருந்திருக்கக்கூடும். நிச்சயம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நினைப்பு என்னை விடுவதில்லை.

பாதீடு என்றால் இலக்கங்கள், அது கணக்காளருக்கான பாடம் என்று நினைக்கிறோம். நம் ஊரில் அது பிள்ளைகள் பத்திரமாகப் பாடசாலை போய்ச் சேர்வதைப் பற்றிய பாடமும்கூட.

என்ன செய்யலாம்?

நமது பள்ளிவாசல்களைப் பாருங்கள். நிர்வாகம் வரவு செலவைச் சொல்லாவிட்டால் மஹல்லாவாசிகள் விடுவதில்லை. சந்தாவாகக் கொடுத்த நூறு ரூபாய்க்கும் கேள்வி கேட்பார்கள். கந்தூரிச் சோற்றின் அரிசிக் கணக்கைக்கூடக் கேட்கிற ஊர் இது. அந்தப் பழக்கத்தைச் சபை வரைக்கும் நீட்டினால் போதும். புதிதாக ஒன்றும் கற்கத் தேவையில்லை.

முதலில், பாதீட்டு வரைவு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு, அடுத்த ஆண்டுக்குக் கேட்பது எவ்வளவு என்ற மூன்று நிரல்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒதுக்கியும் செலவாகாத பணம் எங்கே என்று கேளுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை, கடைக்கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "ஊரை அபிவிருத்தி செய்யுங்கள்" என்று எழுதினால் யாராலும் ஒதுக்கீடு போட முடியாது. "இந்தப் பாடசாலை வாசலில் இருந்து பிரதான வீதிவரை வடிகானுக்கு மூடி வேண்டும்" என்று எழுதினால் அதிகாரி அளந்து மதிப்பீடு போடலாம். ஒரு வட்டாரம் ஐந்து வேலைகளை எழுதி, எது முதலாவது, எது ஐந்தாவது என்று தானே வரிசைப்படுத்திக் கொடுக்கட்டும். ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீருக்குச் செய்வதையே இங்கே பணத்துக்குச் செய்கிறோம்.

மூன்றாவது, சோலைவரியை நேரத்துக்குக் கட்டுங்கள். ஆண்டுத் தொகை முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. வரியைக் கட்டாமல் வடிகானைக் கேட்டால் நமது குரலில் பாதி போய்விடும். கட்டியவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அந்தக் கேள்விக்குக் கனம் இருக்கும்.

நான்காவது, பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. விண்ணப்பம் கொடுத்தால் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, பெண்களைக் கேளுங்கள். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, 2018இலிருந்து அவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். ஆனால் வட்டாரக் கூட்டம் இரவில் தேநீர்க்கடை வாசலில் நடந்தால் எந்த உம்மா வருவார்? தண்ணீர் வராத குழாயையும் வெளிச்சம் இல்லாத ஒழுங்கையையும் முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். முன்பள்ளியிலோ மாதர் சங்கத்திலோ பகலில் ஒரு கூட்டம் வைக்கலாம். மீனவர் சங்கம், விவசாயிகள் சம்மேளனம், மாணவர்கள் என்று ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியே கேட்கலாம்.

சபை உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. பாதீட்டை ஒரு பக்கத்தில், எளிய தமிழில் எழுதி, பள்ளிவாசல்களிலும் கடைத்தெருவிலும் ஒட்டுங்கள். வருமானம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, மீதி இவ்வளவு, அதில் எதைச் செய்யலாம் என்று கேளுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். இல்லாத பணத்தைக் காட்டி வாக்குறுதி கொடுப்பதைவிட அதற்கு மரியாதை அதிகம். நம் ஊர் மக்கள் வறுமையைப் புரிந்துகொள்வார்கள். மறைப்பதைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

இதை வாசித்து முடித்த ஒவ்வொருவரும் தன் தெருவுக்கு மிக அவசியமான ஒரேயொரு வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டாரிடம் காட்டிப் பேசுங்கள். அவர்கள் வேறொன்றைச் சொன்னால் அதையும் எழுதுங்கள். பாதீடு சபைக்கு வருவதற்கு முன் அந்தத் தாளைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, பிரதியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அந்தப் பிரதியோடு மறுபடி போவோம்.